நான்காவது எண்

திருமண மண்டபத்து வாசலில் நிற்கும் ஃபிளெக்ஸ் பேனரை அருகில் போய்ப் பாருங்கள். மணமக்களின் முகம் தெளிவாக இருக்கும், பின்னால் உள்ள கோபுரமும் தெளிவாக இருக்கும். ஆனால் தலைமுடியைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். வெட்டி ஒட்டியதைக் காட்டிக்கொடுப்பது அந்தக் கோடுதான். வடிவமைத்தவரின் கை சரியில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பெரும்பாலும் பிழை கையில் இருப்பதில்லை, ஒரு பெருக்கலில் இருக்கிறது.

அந்தப் பெருக்கலைப் புரிந்துகொள்ள இமேஜ்மேஜிக் நல்ல துணை. சுட்டியும் பொத்தான்களும் இல்லாமல், டெர்மினலில் ஒரு வரி தட்டச்சு செய்து படங்களைக் கையாளும் இலவச மென்பொருள் அது. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான் கிறிஸ்டி 1987-இல் அதை எழுதத் தொடங்கினார். கோடிக்கும் மேற்பட்ட நிறங்கள் கொண்ட படங்களை, 256 நிறங்களை மட்டுமே காட்டத் தெரிந்த அன்றைய திரைகளில் காட்டுவதுதான் அவருக்கு வந்த வேலை. 1990-இல் நிரல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. ஒரு படத்தின்மேல் இன்னொன்றை வைக்க வேண்டுமா? ‘மேஜிக்’ என்று எழுதி, பின்னணிப் படத்தின் பெயர், மேலே வரவேண்டிய படத்தின் பெயர், ‘-காம்போசிட்’, கடைசியில் விடைக்கு ஒரு பெயர் கொடுத்தால் போதும். நடுவில் ‘-கிராவிட்டி சவுத்ஈஸ்ட்’ என்று சேர்த்தால் மேற்படம் வலது கீழ் மூலையில் போய் உட்காரும். அதே தொகுப்பில் உள்ள ‘காம்போசிட்’ என்ற பழைய கட்டளைக்கு இந்த வரிசை தலைகீழ்: மேற்படத்தை முதலில் சொல்ல வேண்டும். புதிதாக வருபவர்கள் திணறும் இடம் இது. ஒருமுறை வரி சரியாக அமைந்துவிட்டால், ஆயிரம் படங்களுக்கும் அதே வரியை ஓட்டி ஆயிரத்திலும் ஒரே இடத்தில் முத்திரை பதிக்கலாம்.

அந்த வரிக்குப் பின்னால் கணினி என்ன செய்கிறது? படம் என்பது பிக்சல்களின் கட்டம். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என 0 முதல் 255 வரை மூன்று எண்கள். முகத்தின் நடுவில் உள்ள பிக்சலில் சிக்கல் இல்லை, மேற்படத்தின் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முகத்துக்கு வெளியே பின்னணியின் எண்கள். இரண்டுக்கும் இடையில், ஒரு முடியிழை கடந்து போகும் பிக்சலில்தான் கேள்வி எழுகிறது. இழை அந்தச் சதுரத்தில் கால்பங்கை மட்டும் மறைக்கிறது என்றால் அந்தப் பிக்சல் யாருடையது?

கொசுவலை வழியாகத் தோட்டத்தைப் பார்ப்பதுபோல்தான் அந்தப் பிக்சலும். வலையின் நூல் பரப்பில் கால்பங்கை மறைத்தால், கண்ணுக்கு வருவது கால்பங்கு நூலின் நிறம், முக்கால் பங்கு தோட்டத்தின் நிறம். அந்தக் கால் என்ற பங்கைத்தான் நான்காவது எண்ணாகப் பிக்சலோடு சேர்த்து வைக்கிறார்கள். அதன் பெயர் ஆல்ஃபா. பூச்சியம் என்றால் முழு வெளிப்படை, ஒன்று என்றால் முழு மறைப்பு. மேற்படத்தின் எண் 200, பின்னணியின் எண் 40, ஆல்ஃபா 0.25 என்றால், 200-இல் கால்பங்கு 50, 40-இல் முக்கால் பங்கு 30, ஆக விடை 80. ஜேபெக் கோப்பில் இந்த நான்காவது எண்ணுக்கு இடமே இல்லை. அதனால்தான் வெட்டியெடுத்த படத்தை ஜேபெக்காகச் சேமித்தால் சுற்றிலும் ஒரு வெள்ளைப் பெட்டி முளைக்கிறது. பி.என்.ஜி. கோப்பில் இடம் உண்டு.

இந்த எண்ணைப் பிக்சலின் நிரந்தர அங்கமாக்கியவர்கள் ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் இருவரும். இடம் நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி, காலம் 1970-களின் பிற்பகுதி. ஓர் உருவத்தைக் கணினி வரைந்து முடிக்கவே நீண்ட நேரமாகும் காலம் அது. பின்னணியை மாற்றிப் பார்க்க வேண்டுமென்றால் உருவத்தையும் மீண்டும் முதலிலிருந்து வரைய வேண்டும். ஒவ்வொரு பிக்சலிலும் உருவம் எவ்வளவு பரப்பை மறைக்கிறது என்பதையும் கோப்பிலேயே எழுதிவைத்தால் ஒருமுறை வரைந்ததை எந்தப் பின்னணிமேலும் வைக்கலாமே என்று யோசித்தார்கள். நினைவகம் பொன்னைப்போல விற்ற நாட்களில், ஒவ்வொரு பிக்சலுக்கும் கூடுதலாக ஓர் எண்ணை ஒதுக்குவது துணிச்சலான முடிவு. கணினிப் படக்கலைக்கு அன்றுமுதல் இன்றுவரை கிடைத்த கொடைகளில் இதையே நான் முதலில் வைப்பேன்.

அதன் அருமை தெரிய, அதற்கு முந்தைய திரைப்படக் கூடத்தைப் பார்க்க வேண்டும். நீலத்திரை முன் எடுத்த நடிகரைப் பாலைவனத்தில் நிறுத்த, அவர் உருவத்துக்குப் பொருந்தும் கறுப்பு மறைப்புச் சுருள் ஒன்றைத் தனியாகத் தயாரிப்பார்கள். ஆப்டிகல் பிரின்டர் என்ற இயந்திரத்தில் சுருள்களைச் சேர்த்து மீண்டும் படம் பிடிப்பார்கள். மறைப்பு கடுகளவு நகர்ந்தாலும் நடிகரைச் சுற்றி ஒரு கோடு விழும். பிரதியெடுக்கும் ஒவ்வொரு முறையும் படத்தின் தெளிவும் குறையும்.

லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் கணினிப் பிரிவு இந்த வேலையை எண்களுக்கு மாற்ற முனைந்தது. அங்கிருந்த தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் 1984-இல் மின்னியாபொலிஸில் நடந்த சிக்ராஃப் மாநாட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிறத்தை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி வைத்துவிடுங்கள் என்பது அவர்களின் யோசனை. மேலே சொன்ன பிக்சலில் 200-க்குப் பதில் 50-ஐ எழுதிவைப்பது. அப்படிச் செய்தால் நிறத்தின் மூன்று எண்களுக்கும் ஆல்ஃபாவுக்கும் ஒரே சூத்திரம் பொருந்துகிறது. மூன்று படங்களை அடுக்கும்போது மேலிரண்டை முதலில் சேர்த்தாலும் கீழிரண்டை முதலில் சேர்த்தாலும் விடை மாறுவதில்லை. ஒரு காட்சியைப் பலர் துண்டு துண்டாகச் செய்து பிறகு இணைக்க இதைவிட என்ன வேண்டும்?

பேனரின் வெள்ளைக் கோட்டுக்கு விளக்கமும் இதில்தான் இருக்கிறது. வெட்டியெடுத்த படத்தில் முடிக்கு வெளியே உள்ள பிக்சல்கள் கண்ணுக்குத் தெரியாது, ஆல்ஃபா பூச்சியம். ஆனால் அவற்றின் நிற எண்களில் பழைய வெள்ளைச் சுவர், 255, அப்படியே ஒளிந்திருக்கலாம். படத்தைப் பாதியாகச் சுருக்கும்போது மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களின் சராசரியை எடுக்கிறது. முடியின் எண் 20, மறைந்திருக்கும் வெள்ளை 255, சராசரி கிட்டத்தட்ட 138, ஆல்ஃபா பாதி. இதை 100 என்ற பின்னணிமேல் வைத்தால் கிடைப்பது 119. முடியைவிடவும் பின்னணியைவிடவும் வெளிறிய எண். அதுதான் அந்தக் கோடு. முன்கூட்டியே பெருக்கியிருந்தால் மறைந்திருந்த 255 பூச்சியமாகியிருக்கும், விடை 60 வந்திருக்கும். 20-க்கும் 100-க்கும் சரியாக நடுவில். இமேஜ்மேஜிக் சுருக்கும்போது இந்தப் பெருக்கலைத் தானே பார்த்துக்கொள்கிறது. படம் எடுக்கும்போதே முடியோரத்தில் சுவரின் வெளிச்சம் கலந்திருந்தால் மட்டும் எந்தச் சூத்திரமும் உதவாது. அந்த வெள்ளையைக் கையால்தான் நீக்க வேண்டும்.

போர்ட்டரும் டஃபும் ‘மேலே’ என்ற ஒன்றோடு நிற்கவில்லை. ஒன்றின் உள்ளே, வெளியே, அதன் பரப்புக்குள் மட்டும் மேலே என்று பன்னிரண்டு செயல்களை வகுத்தார்கள். இமேஜ்மேஜிக்கில் ‘-கம்போஸ்’ என்ற சொல்லுக்குப் பின் அவற்றைக் கேட்கலாம். ஆண்ட்ராய்டு நிரலாளர்கள் ‘போர்ட்டர்டஃப்’ என்ற பெயரிலேயே அவற்றைக் கையாளுகிறார்கள். அந்தப் பன்னிரண்டில் சேராத ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: ‘மல்டிப்ளை’. இரு படங்களின் எண்களையும் 0 முதல் 1 வரையான அளவில் பெருக்குவது. வெள்ளை என்றால் ஒன்று. ஒன்றால் பெருக்கினால் எதுவும் மாறாது. ஊரின் பழைய நில அளவை வரைபடத்தை ஸ்கேன் செய்து, அதே இடத்தின் செயற்கைக்கோள் படத்தோடு அளவு பொருத்தி ‘மல்டிப்ளை’ கொடுத்தால், வெள்ளைத் தாள் மறைந்து மைக்கோடு மட்டும் நிலத்தின்மேல் படியும். ஏரியின் பழைய கரை எங்கே போனது, எந்த வீட்டுமனைக்கு அடியில் வாய்க்கால் இருந்தது என்பதை யாரும் சொல்லாமலே பார்க்கலாம்.

இந்தக் கணக்குகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: கோப்பில் உள்ள எண் வெளிச்சத்தின் நேரடி அளவு அல்ல. இருளில் நம் கண் நுட்பமாக வேறுபாடு காணும் என்பதால் எண்களை வளைத்து எழுதுகிறார்கள். 128 என்ற எண் திரையில் தருவது பாதி வெளிச்சம் அல்ல, ஏறத்தாழ 22 சதவீதம். கறுப்பையும் வெள்ளையையும் சரிபாதியாகக் கலந்தால் வெளிச்சக் கணக்கில் 188 வர வேண்டும். பெரும்பாலான மென்பொருள்கள் எண்களை நேராகக் கலந்து 128 தருகின்றன, அதனால் ஓரங்கள் கறுத்துப் போகின்றன. இரு படங்களையும் ‘-கலர்ஸ்பேஸ் ஆர்ஜிபி’ என்று நேரியல் வெளிச்சத்துக்கு மாற்றிச் சேர்த்து, பிறகு ‘எஸ்ஆர்ஜிபி’க்குத் திருப்பினால் இது சரியாகும்.

ஒரு குறை மட்டும் சூத்திரத்தின் அடித்தளத்திலேயே தங்கியிருக்கிறது. எவ்வளவு பரப்பு மறைந்தது என்று ஆல்ஃபா சொல்லும், எந்தப் பக்கம் மறைந்தது என்று சொல்லாது. ஆகவே இரு படங்களின் மறைப்பும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் சிதறியிருப்பதாகச் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. பாதி மறைக்கும் ஒன்றின்மேல் பாதி மறைக்கும் இன்னொன்றை வைத்தால் முக்கால் மறைப்பு என்கிறது. முடி, புகை, இலை போன்றவற்றுக்கு அது நன்றாகப் பொருந்தும். இரண்டு சதுரங்கள் ஒரு பிக்சலின் நடுவில் அச்சாகத் தொட்டு நின்றால் பொருந்தாது. உண்மையில் பிக்சல் முழுவதும் மறைந்திருக்க, கணக்கு கால்பங்கு பின்னணியை வெளியே விடுகிறது. வரைபடத் துண்டுகளைப் பக்கம்பக்கமாக அடுக்கும்போது இடையில் தெரியும் மயிரிழைக் கோடு அதனால் வருவது. துண்டுகளை நான்கு மடங்கு பெரிதாக, ஓரத்தை மழுப்பாமல் வரைந்து அடுக்கிவிட்டு, கடைசியில் ஒருமுறை மட்டும் சுருக்கினால் கோடு போய்விடும். அதற்கான விலை பதினாறு மடங்குப் பிக்சல்கள்.