கைக்குத் தொட்டில் கட்டினால் போதுமா?

கிணற்றடிப் பாசியிலோ, பாத்ரூமிலோ வழுக்கி, கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக் கொண்ட பெண் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, கழுத்தில் ஒரு தொட்டிலையும் மாட்டி அனுப்புகின்றனர். டாக்டர்கள் இதை, 'ஸ்லிங்' என்கின்றனர். மாவுக்கட்டைப் பற்றிக் கவலைப்படும் நாம், இந்தத் தொட்டிலை யாரும் கண்டுகொள்வதில்லை.

என் நாத்தனாருக்கு வலது கை முறிந்தபோது, வீட்டுக்கு வந்த மறுநாளே விரல்கள் வீங்கி விட்டன. தொட்டில் தளர்ந்து, கை தொங்கிப் போனது தான் காரணம். நல்லவேளை, விழுந்த உடனேயே மாமியார் வளையலையும், மோதிரத்தையும் கழற்றி விட்டார். இல்லையென்றால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்றார் நர்ஸ். அங்கே உடற்பயிற்சி சொல்லித் தரும் அம்மா விளக்கியதை, நம் சகோதரிகளுக்கும் சொல்கிறேன்.

தொட்டிலில் கை இருக்கும்போது, விரல்கள் முழங்கையை விடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். மணிக்கட்டு துணிக்கு வெளியே மடிந்து தொங்கக் கூடாது. விரல் நுனிகள் மட்டும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முடிச்சு பின் கழுத்து எலும்பில் உறுத்தாமல், பக்கவாட்டில் இருக்கட்டும். கடையில் வாங்கியது உறுத்தினால், ஒரு மீட்டர் சதுரமான பழைய பருத்தித் துணியை முக்கோணமாக மடித்துக் கட்டலாம். முழங்கைப் பக்கத்து மூலையை ஊக்கு போட்டு விட்டால், கை நழுவாது.

படுக்கும்போது கையைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். விரல்களை அடிக்கடி மடக்கி நீட்ட வேண்டும். விரல் நீலம் பாய்ந்தாலோ, வெளுத்துச் சில்லிட்டாலோ, மரத்துப் போனாலோ, வலி தாங்க முடியாமல் ஏறிக்கொண்டே போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் விடுங்கள். கட்டு இறுகி ரத்த ஓட்டம் தடைப்பட்டால், கையே பாழாகி விடும்.

ரவிக்கை போடும்போது அடிபட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி என்றால் சுலபம். அக்குளில் வேர்வை தங்கிப் புண்ணாகாமல், தினமும் துடைத்து உலர விடுங்கள்.

இன்னொன்று முக்கியம். கட்டுப் பிரித்த பிறகும் பயத்தில் கையைத் தொட்டிலிலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. என் நாத்தனாரும் அப்படித்தான் இருந்தாள். தோள் இறுகி, தலை பின்னக்கூட கை தூக்க முடியவில்லை. அந்த அம்மா சொன்னபடி, சுவரில் விரல்களால் ஏணி ஏறுவதுபோல் தினமும் பழகித்தான் சரியாயிற்று. மணிக்கட்டு முறிவு என்றால், தோளையும் முழங்கையையும் எப்போது அசைக்கலாம் என்று முதல் நாளே டாக்டரிடம் கேட்டு விடுங்கள். தோள் மூட்டு இறங்கியவர்களுக்கும், தோளில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் இந்தக் கணக்கு வேறு. அவர்கள் டாக்டர் சொல்லாமல் தொட்டிலைக் கழற்றவே கூடாது.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கையில் கட்டு என்றால், நாங்கள் சோறு பிசைந்து ஊட்டி விடுகிறோம். எங்கள் கையில் கட்டு என்றால், 'இடது கை சும்மா தானே இருக்கு, காபி மட்டும் போட்டுடேன்' என்கிறீர்கள். ஒற்றைக் கையால் குக்கரைத் தூக்கி, வெந்நீரைக் கொட்டிக் கொண்டால், அந்தக் கைக்கும் அல்லவா கட்டு போட வேண்டி வரும்?

எலும்பு கூட சில வாரமாகும். அதுவரை அரிசி களைவதையும், துணி பிழிவதையும் வீட்டில் எல்லாரும் பங்கு போட்டுக் கொண்டாலே, பாதி குணமான மாதிரி தான்!

— ஒரு வாசகி, திருவாரூர்.