‘அபொரீகினேஸ்’: ஓர் இலத்தீன் சொல்லும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் அதன் வழக்கும்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் மண்ணின் மக்களைக் காக்கும் சட்டம் 1956ஆம் ஆண்டின் 3ஆம் ஒழுங்குமுறை ஆகும். அதன் ஆங்கிலத் தலைப்பில் ‘அபாரிஜினல் டிரைப்ஸ்’ என்னும் தொடர் இடம்பெற்றுள்ளது. இரண்டு சொற்களும் இலத்தீன் வழிவந்தவை. முதற்சொல்லைத் தமிழாக்குவோர் ஆதிவாசி, பழங்குடி, பூர்வகுடி, தொல்குடி என்னும் நான்கனுள் ஒன்றைக் கையாளுகின்றனர். ஒரே கட்டுரையில் நான்கும் மாறிமாறி வருவதும் உண்டு. நடை அழகு கருதி ஒருபொருட் பன்மொழிகளாக இவற்றைக் கொள்வது தமிழ்நாட்டுச் செய்திகளைப் பொறுத்தவரை பெருந்தீங்கு விளைப்பதன்று. தீவுகளிலோ, ஒரு சமூகம் சட்டத்தின் காப்புக்குள் அடங்குமா அடங்காதா என்பதையே இச்சொற்கள் மயங்கவைக்கும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வங்காளத்திற்கும் இந்திக்கும் அடுத்து மிகுதியானோரின் தாய்மொழி தமிழே ஆதலின், இச்சிக்கல் தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு ஏட்டளவில் நிற்கும் ஒன்றன்று.

இலத்தீனில்

இலத்தீனில் ‘அபொரீகினேஸ்’ முதற்கண் பொதுப்பெயரன்று. ஒரு மக்கட்கூட்டத்தின் சிறப்புப்பெயர். உரோமைச் சுற்றிய இலத்தியம் என்னும் நிலத்தில், துரோய் நகரிலிருந்து ஏனியாஸ் வந்திறங்குவதற்கு முன்பே வாழ்ந்தோராகத் தொன்மக் கதைகள் கூறும் மக்களை அது குறித்தது. மூத்த கேட்டோ கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதி, இன்று சிதறல்களாக மட்டும் எஞ்சியுள்ள வரலாற்று நூலில் இவர்கள் பேசப்படுகின்றனர். கி.மு. முதல் நூற்றாண்டினரான சல்லுஸ்ட் இவர்களைச் சட்டமும் ஆட்சியும் அற்ற, கட்டுப்பாடறியாத நாட்டுப்புறத்தாராகக் காட்டுகிறார். லிவியின் வரலாற்று நூலிலோ இவர்கட்கு இலத்தீனுஸ் என்னும் அரசன் உண்டு. வந்தேறியோரான துரோயருடன் இவர்கள் கலந்தபின், இரு கூட்டத்தாருக்கும் இலத்தீனர் என்னும் ஒரே பெயரை ஏனியாஸ் சூட்டுகிறான். அதன்பின் அபொரீகினேஸ் என்னும் பெயருக்கு உரியோர் எவருமிலர். வந்தவர்கள் கதை சொல்லுங்கால் தமக்கு முன் இருந்தோர்க்கு வழங்கி, கலப்பு நிகழ்ந்ததும் கைவிட்ட பெயர் இது என்பது கருதற்பாலது.

சொற்பிறப்பு ‘அப் ஒரீகினே’ (தொடக்கத்திலிருந்து) என்பதே பெரும்பான்மை வழக்கு. ஆயின் அகஸ்டஸ் காலத்தவரான ஹாலிகார்னசுஸ் நகரத்து டியோனீசியுஸ், தம் காலத்திலேயே கருத்து வேறுபாடு நிலவியதை எழுதிவைத்துள்ளார். தொடக்கத்திலிருந்தே உள்ளோர் என்பது ஒரு சாரார் கொள்கை. மற்றொரு சாரார் இதனை ‘அபெர்ரிகினேஸ்’ எனத் திருத்தி, ‘அலைந்து திரிதல்’ என்னும் பொருளுடைய வினையோடு இணைத்து, நிலையின்றி அலைந்து வந்து குடியேறியோர் என்றனர். ஒரு சொல்லுக்கே ‘என்றும் இங்கிருந்தோர்’, ‘எங்கிருந்தோ வந்தோர்’ என நேர்மாறான இரு பொருள்கள் கூறப்பட்டமை விந்தையே. பழைய இனப்பெயர் ஒன்று பின்னர் ஒலியொப்புமையால் ‘ஒரீகோ’ என்னும் சொல்லோடு சார்த்தப்பட்டிருக்கலாம் என்று கருதுவாரும் உளர்.

மூத்த பிளினியின் இயற்கை வரலாற்றில் இச்சொல் பொதுப்பெயராக விரிவடைகிறது. ஸ்பெயின் நாட்டுக் காதிஸ் நகரை ஒட்டிய தீவைப் பற்றிக் கூறுமிடத்து, தைர் நகரத்தாரை அப்பகுதியின் ‘அபொரீகினேஸ்’ என்று சுட்டும் அவர், அவர்களே எரித்ரைக் கடற்பகுதியிலிருந்து வந்தோராகச் சொல்லப்பட்டனர் என்றும் சேர்த்தெழுதுகிறார். ஆகவே மண்ணிலிருந்தே முளைத்தோர் என்பது இச்சொல்லின் இன்றியமையாப் பொருளன்று. முந்தி வந்தோர் என்பதும் அதனுள் அடங்கும்.

இதனோடு ஒப்பிடத்தக்கது ‘இண்டிகெனா’ என்னும் சொல். ‘உள்ளே பிறந்தவர்’ என்னும் அமைப்புடைய இதற்கு மறுதலை ‘அலியெனிகெனா’, அஃதாவது பிறவிடத்துப் பிறந்தவர். இண்டிகெனா இடம் பற்றியது. அபொரீகினேஸ் காலம் பற்றியது. வெர்ஜில் தம் காப்பியத்தில் இலத்தீனரைக் குறிக்க முன்னதையே ஆண்டார்; பின்னதை ஆளவில்லை. இதற்கு யாப்பும் ஒரு காரணம். ‘ரீ–கி–னேஸ்’ என நெடிலிரண்டின் நடுவே ஒற்றைக் குறில் நிற்கும் அசையமைப்பு அவர் கையாண்ட அறுசீர் அடிக்குள் அடங்காது.

இலக்கணக் கூறு ஒன்றும் உண்டு. இலத்தீனில் இச்சொல் பன்மையில் மட்டுமே வழங்கியது. தனியொருவர் ‘அபொரீகினேஸ்’ ஆதல் இயலாது, கூட்டம்தான் ஆகும்.

ஆங்கிலத்தில்

16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்தபோதும் இச்சொல் பன்மையாகவே இருந்தது. பெயரடை வடிவம் 17ஆம் நூற்றாண்டிலும், ‘அபாரிஜினி’ என்னும் ஒருமை 19ஆம் நூற்றாண்டிலும் உண்டாயின. இறுதி ஒலியைப் பன்மை விகுதியெனப் பிறழ உணர்ந்து அதனை நீக்கிப் பெற்றதே இவ்வொருமை. குடியேற்ற ஆட்சிகள் ஆட்களை எண்ணவும் பதிவு செய்யவும் தொடங்கிய அதே காலத்தில் இலக்கணமும் ஒருமையை வேண்டியது தற்செயல் அன்று எனலாம். 1837இல் இலண்டனில் இம்மக்களின் பாதுகாப்புக்கென ஒரு சங்கம் நிறுவப்பட்டது. 1869இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் இதே நோக்கம் கூறும் சட்டம் இயற்றப்பட்டது. அதுமுதல் ‘பாதுகாப்பு’ என்னும் சொல் இதன் உடன்பிறப்பாயிற்று. 1956ஆம் ஆண்டுத் தலைப்பில் இவ்விணையே எதிரொலிக்கிறது. ஆஸ்திரேலியாவில் இன்று அவ்வொருமைப் பெயர் இழிவழக்காகக் கருதப்பட்டு விலக்கப்படுகிறது.

சட்டம் சொல்லின் பொருளை மதியாது போதலும் உண்டு. கனடாவின் 1982ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம், ஐரோப்பியரும் மண்ணின் மக்களும் கலந்து தோன்றிய மெத்தீ மக்களையும் இச்சொல்லுக்குள் அடக்கியது. தொடக்கத்தில் இல்லாதோர் பட்டியலால் உள்ளே வந்தனர். தீவுகளில் நிகழ்ந்தது இதன் மறுதலை.

தீவுகளில்

இந்திய நிலப்பரப்பில் யார் முந்தியோர் என்பதை நிறுவ இயலாது என்னும் வாதம் பழையது. கோவிந்த சதாசிவ குர்யே 1943இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இச்சொல்லை அடுத்து ‘எனப்படுவோர்’ என்னும் ஐயக்குறிப்பைச் சேர்த்தார். அதே ஆண்டில் வெரியர் எல்வின் ஐயமின்றி இச்சொல்லைத் தம் சிறுநூலுக்குத் தலைப்பாக்கினார். அந்தமானில் இவ்வாதத்திற்கு இடமில்லை. ஏனையோர் வந்த காலம் ஏடுகளில் உள்ளது: 1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் அமைத்து 1796இல் கைவிடப்பட்ட குடியேற்றம், 1858இல் தொடங்கிய தண்டனைக் குடியிருப்பு, நாட்டுப் பிரிவினைக்குப்பின் வந்த வங்காள ஏதிலியர், 1970களில் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட இலங்கைத் தாயகம் திரும்பிய தமிழர். இலத்தீன் சொல்லின் நேர்ப்பொருளை ஆவணங்கொண்டு சோதிக்கக்கூடிய அரிய இடம் இது. எட்வர்டு ஹொரேஸ் மான் 1880களில் வெளியிட்ட அந்தமான் நூலின் தலைப்பில் இச்சொல் பொருத்தமாகவே அமைந்தது.

எனினும் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அந்நேர்ப்பொருளை அளவுகோலாகக் கொள்ளவில்லை. அரசமைப்பின் 342ஆம் உறுப்பின்படி இத்தீவுகளைப் பொறுத்துப் பட்டியல் பழங்குடியாகக் கொள்ளப்படும் குடிகளே ‘அபாரிஜினல் டிரைப்’ என அது வரையறுக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆணை அந்தமானியர், ஜாரவா, நிக்கோபாரியர், ஓங்கே, சென்டினலியர், சோம்பென் என ஆறு பெயர்களைத் தருகிறது. 2011இல் இப்பட்டியலினர் 28,530 பேர். மொத்த மக்களில் நூற்றுக்கு ஏழரை. இவர்களுள் நிக்கோபாரியரே 27,000க்கு மேற்பட்டோர். அந்தமானியர் 44 பேர், ஓங்கே 101 பேர்.

பட்டியலுக்கு வெளியே நிற்போருள் ‘ராஞ்சி’ எனத் தீவுகளில் அழைக்கப்படுவோர் தனித்து நோக்கத்தக்கவர். 1918 முதல் சோட்டா நாக்பூர்ப் பகுதியிலிருந்து காடு திருத்தவும் சாலை அமைக்கவும் கொண்டுவரப்பட்ட ஒராவோன், முண்டா, கரியா மக்களின் வழிவந்தோர் இவர்கள். புறப்பட்ட ஊரின் பெயரே இனப்பெயராயிற்று. ‘ஆதிவாசி’ என்னும் சொல்லை 1938இல் அரசியல் முழக்கமாக எழுப்பிய ஆதிவாசி மகாசபையின் களமும் ராஞ்சியே. ஆயினும், சார்க்கண்டில் பட்டியல் பழங்குடியாக உள்ள அதே குடியினர் தீவுகளில் அத்தகுதி பெறவில்லை. 342ஆம் உறுப்பு ஒவ்வொரு மாநிலத்தையும் ஆட்சிப்பகுதியையும் ‘பொறுத்தே’ பேசுகிறது. இவர்கள் நெடுநாளாக அத்தகுதியைக் கோரி வருகின்றனர். ஆக, தீவுகளில் ஆதிவாசியாக இருந்தும் ‘அபாரிஜினல்’ ஆகாதோர் இவர்கள்.

அரசியல் நிர்ணய சபையில் ஜெய்பால் சிங் ஆதிவாசி என்னும் சொல்லுக்காக வாதாடியபோது, அது சட்ட வரையறையற்ற பொதுச்சொல் என்றும் பட்டியல் பழங்குடி என்பதோ எண்ணித் தரப்பட்ட பெயர்களால் நிலைபெற்ற பொருளுடையது என்றும் அம்பேத்கர் விடையிறுத்தார். இவ்வேறுபாடு வெறும் சொல்லாய்வு அன்று என்பதற்கு ராஞ்சி மக்களின் நிலை சான்று.

தொடரின் இரண்டாம் சொல்லான ‘டிரைப்’ உரோமின் ‘திரிபுஸ்’ ஆகும். கி.மு. 241 முதல் 35 என நிலைபெற்ற திரிபுஸ் பிரிவுகள் உரோமக் குடிமக்களை வாக்களிக்கவும் வரிசெலுத்தவும் பகுத்தவை. குடியுரிமையின் உள்ளமைப்பைக் குறித்த சொல் குடியாட்சியின் விளிம்பில் நிற்போரைக் குறிக்கலாயிற்று.

தமிழில்

ராஞ்சி மக்களைக் கருத, சட்டத்தொடருக்கு ‘ஆதிவாசி’ பொருந்தாது என்பது வெளிப்படை. அதற்கு வேறு குறையும் உண்டு. தமிழ்ப் பாடநூல்களில் ‘ஆதிமனிதன்’ கற்கருவி ஏந்தியவன். அச்சேர்க்கை ஆதிவாசியையும் காலத்தால் பிந்தங்கியவனாக்குகிறது. ஆனால் 1922இல் சென்னை மாகாணத்தில் ஏற்கப்பட்ட ‘ஆதி திராவிடர்’ என்னும் பெயரிலுள்ள ஆதி, மண்ணுக்கு முந்திய உரிமையை நிலைநாட்டும் பெருமிதச் சொல். ஓரடை இருவேறு திசையில் இழுக்கிறது. நடுவணரசு தன் வகைப்பாட்டிலிருந்து, முதன்மையைக் குறிக்கும் இலத்தீன் வேரிற் பிறந்த ‘பிரிமிட்டிவ்’ என்னும் அடையை 2006இல் நீக்கி, மிகவும் நலிவுறத்தக்க குழுவினர் என மாற்றியதும் இத்தகைய இழுப்பை உணர்ந்தே.

‘பூர்வகுடி’ செம்மையாகத் தோன்றினும் தீவுத் தமிழில் இடர் தரும். ‘உங்கள் பூர்வீகம் எது?’ எனப் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) பிறந்து வளர்ந்த தமிழரைக் கேட்டால், இராமநாதபுரத்து ஊர் ஒன்று விடையாக வரலாம். பூர்வீகம் ஒருவர் புறப்பட்ட இடத்தைச் சுட்டுகிறது. நிற்கும் இடத்தில் அவர் முந்தியவரா என்பதையன்று. தமிழ்நாட்டு வழக்கான ‘மலைவாழ் மக்கள்’ இங்கு எண்ணவும் தகாது. கார் நிக்கோபார் பெரும்பாலும் தட்டையான பவளத்தீவு.

‘பழங்குடி’க்கும் ஒரு வரலாறு உண்டு. திருக்குறளின் குடிமை அதிகாரத்தில் அது வறுமையிலும் பண்பு குன்றாத தொன்மையான உயர்குடியைக் குறிக்கிறது. ஆட்சித் தமிழில் அது சட்டப்பிரிவின் பெயராயிற்று. இப்பொருண்மாற்றத்தைச் சிலர் இறக்கமாகக் கருதுவர். சொல்லின் பழம்பெருமை முற்றும் அழியாமல் நிழலாய் உடன்வருவது நன்றே என்பதே பொருந்தும். இலக்கணத்திலும் அது இலத்தீனுக்கு அணுக்கமானது. ‘குடி’ தொகுதிப்பெயர், ஒருவரைக் குறிக்கப் ‘பழங்குடியினர் ஒருவர்’ எனக் குழுவைச் சொல்லியே ஆளைச் சுட்ட வேண்டும். ஆங்கிலம் புனைந்த ஒருமை தமிழுக்கு வேண்டியதில்லை.

எனவே 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறையைத் தமிழாக்குங்கால், அதன் வரையறை பட்டியல் பழங்குடியைச் சார்ந்திருத்தலால் ‘பழங்குடி’ என்னும் ஒரே சொல்லை இறுதிவரை ஆளுதல் வேண்டும். மானின் நூல் போன்ற இனவரைவியல் எழுத்துகளில், சட்டத்தின் சாயல் படியாத ‘தொல்குடி’ தகும். இயன்றவிடத்துப் பொதுச்சொல்லைத் தவிர்த்து மக்களின் பெயரையே எழுதுதல் சிறப்பு. அங்கும் விழிப்பு வேண்டும்: ‘ஜாரவா’ என்பது அண்டைக் குடியினரின் அக்கா-பேயா மொழியில் அயலாரைக் குறித்த சொல் என விளக்கப்படுகிறது, அம்மக்கள் தம்மை அழைத்துக்கொள்வது ‘ஆங்’ என்றே.

வாய்மொழி பெயர்ப்பில் நெறி மாறும். ராஞ்சிக் குடியிருப்பைச் சேர்ந்த முதியவர் ஒருவர் இந்துஸ்தானியில் ‘நாங்கள் ஆதிவாசிகள்’ என்று கூறுவாராயின், தமிழில் ‘ஆதிவாசிகள்’ என்றே நிற்க வேண்டும். அதனைப் ‘பழங்குடியினர்’ என மாற்றுவது அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒன்றைப் பெற்றுவிட்டதாகப் பதிவு செய்துவிடும். ‘ராஞ்சிக்காரர்கள்’ என மாற்றுவதோ அவர் கூறிய உரிமையையே அழித்துவிடும்.