தீபத்துக்கு ஊருக்கே லீவு, பேங்குக்கு மட்டும் ஏன் இல்ல?

கார்த்திகை தீபம் நெருங்கினா போதும், கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பு ஒண்ணு நம்ம வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் சுத்த ஆரம்பிச்சிடும். "உள்ளூர் விடுமுறை" என்ற வார்த்தையைப் பார்த்ததும் ஊருக்கு பஸ் டிக்கெட் தேடப் போயிடுவோம். அதுக்குக் கீழே இருக்கிற ரெண்டு வரியை யாரும் படிக்கிறதில்ல. ஒண்ணு: இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டம் 1881-ன் கீழ் வராது. இன்னொண்ணு: இதை ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை வேலை நாளாக இருக்கும்.

லீவுக்கும் அந்தச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? செலாவணி முறின்னா செக், பிராமிசரி நோட்டு மாதிரி பணத்துக்குப் பதிலா கைமாறுற ஆவணங்கள். பிராமிசரி நோட்டுல பணம் கொடுக்க வேண்டிய தேதி பொது விடுமுறையில விழுந்தா, அதுக்கு முந்தைய வேலை நாளே கடைசி நாள்னு சட்டத்தோட 25-வது பிரிவு சொல்லுது. அப்போ பொது விடுமுறை எதுன்னும் சொல்லணும் இல்லையா? ஞாயிற்றுக்கிழமைகளும், அரசிதழில் அரசு அறிவிக்கிற நாட்களும்னு அதே பிரிவு விளக்குது. அறிவிக்கிற அதிகாரம் மத்திய அரசோடது. 1957-ல அது மாநிலங்களுக்கும் தரப்பட்டது. வருஷா வருஷம் தமிழக அரசு வெளியிடும் விடுமுறைப் பட்டியல் இந்த வழியில வருது. அதுல இருக்கிற நாள்னா பேங்கும் மூடும்.

2024 பட்டியல்ல மொத்தம் 24 நாட்கள். அதுல ஏப்ரல் 1 வங்கிக் கணக்கு முடிக்க மட்டும். பொங்கல், தீபாவளியோட ரம்ஜான், பக்ரீத், மொஹரம், மிலாடி நபி, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ், மகாவீர் ஜெயந்தி எல்லாம் உண்டு. தைப்பூசம் 2021-ல சேர்ந்தது. ஆனா எல்லாப் பண்டிகையும் இதுக்குள்ள அடங்காது. மகா சிவராத்திரி, ஓணம், சாம்பல் புதன் மாதிரி நாட்களுக்கு "வரையறுக்கப்பட்ட விடுப்பு" இருக்கு. மாநில அரசு ஊழியர் வருஷத்துக்கு மூணு நாளை அவரே தேர்ந்தெடுத்துக்கலாம். இது ஊழியர்களுக்கான ஏற்பாடு, மாணவர்களுக்கு இல்ல.

நம்ம ஊர் தீபம் மாநிலப் பொது விடுமுறைப் பட்டியல்ல இல்ல. 2,668 அடி மலை உச்சியில சாயங்காலம் ஆறு மணிக்கு ஏத்துற தீபத்தைப் பார்க்க, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம் நிக்கும். அன்னைக்கு இந்த ஊர்ல ஸ்கூல் நடத்த முடியாது. ஆனா அதுக்காகக் கோயம்புத்தூர்ல ஆபீஸை மூட வேண்டியதில்ல. இந்த இடத்துலதான் கலெக்டர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை உதவுது. செலாவணி முறிச் சட்டத்துல வராததால பேங்க் திறந்திருக்கும், கருவூலம் குறைஞ்ச ஆட்களோட இயங்கும், ஒரு சனிக்கிழமை வேலை பார்த்து நாளைத் திருப்பிக் கொடுத்துடணும். இனாம் இல்ல, கடன்தான்.

இந்த ஏற்பாட்டுல எனக்குப் பிடிச்ச விஷயம், இது தலை எண்ணிக்கை பார்க்கிறதில்ல, இடத்தைப் பார்க்குது. நாகூர் தர்கா கந்தூரிக்கு நாகப்பட்டினம் மாவட்டத்துல உள்ளூர் விடுமுறை. ஏர்வாடி சந்தனக்கூடுக்கு ராமநாதபுரத்துல. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடியில. டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருநாளுக்குக் கன்னியாகுமரியில. 2025-ல நம்ம தீபமும் அதே டிசம்பர் 3-லதான் வந்தது.

வெளிநாட்டுலயும் இப்படி ஒரு ஊர் இருக்கு. ஜெர்மனியில கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் முப்பது வருஷம் நடந்த போர்ல அடிச்சுக்கிட்டாங்க. 1648-ல சமாதானம் வந்தது. 1650-லிருந்து ஆக்ஸ்பர்க் நகரம் ஆகஸ்ட் 8-ஐ அமைதித் திருநாளா கொண்டாடுது. இன்னைக்கும் அந்த ஒரு நகரத்துக்கு மட்டும் அது சட்டப்படி விடுமுறை.

சரி, நாலு வருஷம் முடிச்சு வேலைக்குப் போகப்போற நமக்கு இதுல என்ன இருக்கு? தனியார் கம்பெனிக்கு அரசுப் பட்டியல் அப்படியே பொருந்தாது. அங்கே 1958-ல வந்த தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டம்தான் பேசும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கட்டாயம். கூட அஞ்சு பண்டிகை நாட்கள். ஆக மொத்தம் ஒன்பது. அந்த அஞ்சு எதுன்னு முதலாளியையும் தொழிலாளிகளையும் கலந்துதான் முடிவு செய்யணும். விடுமுறையில வேலைக்குக் கூப்பிட்டா ரெட்டைச் சம்பளம், இல்லைன்னா அந்த நாள் சம்பளத்தோட வேற ஒரு நாள் லீவு தரணும்.

பல மதத்துக்காரங்க இருக்கிற ஒரு டீம்ல எல்லாரும் சும்மா இருந்தா, பெரும்பான்மை கேட்கிற அஞ்சு நாளே நிலைச்சுடும். பக்ரீத்தும் புனித வெள்ளியும் யாருக்குமே ஞாபகம் வராம போகலாம். நம்ம பக்கத்து சீட்டுக்காரன் தன் பண்டிகைக்கு உடம்பு சரியில்லைன்னு பொய் சொல்லி லீவு எடுக்கிற நிலைமை வரக்கூடாது. அதனால ஆஃபர் லெட்டர் வந்ததும் சம்பளத்தோட நிறுத்தாம லீவு லிஸ்டையும் கேட்டு வாங்குங்க. அந்த அஞ்சு நாள் பத்திப் பேச்சு வரும்போது உங்க பண்டிகைக்கு மட்டும் இல்லாம அவனோடதுக்கும் சேர்த்துக் கை தூக்குங்க.