கடை வாயிலில் பைச் சோதனை: காவலாளியின் அதிகாரத்துக்கு எல்லை எது?

பழைய மளிகைக் கடையில் சரக்குக்கும் வாங்குபவருக்கும் இடையே ஒரு மரப்பலகை இருந்தது. கேட்ட பொருளைக் கடைக்காரர் எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வாங்குபவர் கொண்டுவந்த பையைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. 1991-க்குப் பிந்திய ஆண்டுகளில் பெருநகரங்களிலும், அடுத்து மாவட்டத் தலைநகரங்களிலும் பரவிய சுயசேவைக் கடைகள் அந்தப் பலகையை அகற்றிவிட்டன. அடுக்குகளில் உள்ள பண்டங்களை வாங்குபவரே எடுத்துக்கொள்கிறார். விற்பனை ஊழியர்கள் குறைகின்றனர். கடைக்குச் செலவு மிச்சமாகிறது. ஆனால் சரக்கு காணாமற் போகும் வாய்ப்பும் இம்முறையில் கூடுகிறது. ஆகவே, பலகைக்குப் பின்னிருந்து நடந்த கண்காணிப்பு, சீருடை அணிந்த காவலாளியின் உருவில் வாயிலுக்கு இடம்பெயர்ந்திருக்கிறது.

வணிகர்கள் சரக்குக் குறைவு என்று கணக்கெழுதும் இழப்பு, வாடிக்கையாளரின் திருட்டினால் மட்டும் ஏற்படுவதன்று. ஊழியர்களின் கைவரிசை, சரக்கு அனுப்புவோர் காட்டும் அளவுக் குறைவு, கணக்குப் பிழை ஆகியவையும் அதில் அடங்கும். எனினும் பலர் பார்த்திருக்கப் பையைத் திறந்து காட்ட வேண்டியவராக இருப்பவர் வாடிக்கையாளரே. அவ்வாறு கேட்கக் காவலாளிக்கு உரிமை உண்டா, மறுக்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டா என்ற வினாக்களுக்கு விடை காண்பது அவ்வளவு கடினமன்று. ஆனால் கடைகளில் தொங்கும் அறிவிப்புப் பலகைகளில் அவ்விடை காணப்படுவதில்லை.

இரு வேறு சோதனைகள்

உள்ளே நுழையும்போது நடக்கும் சோதனையும் வெளியேறும்போது நடக்கும் சோதனையும் நோக்கத்தில் வேறானவை. 2005 அக்டோபர் 29-இல் டில்லி சரோஜினி நகர்ச் சந்தையிலும் வேறு இடங்களிலும் குண்டுகள் வெடித்தன. 2008 செப்டம்பர் 13-இல் அந்நகரின் கடைவீதிகள் மீண்டும் தாக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பர் 26-இல் மும்பைத் தாக்குதல் நிகழ்ந்தது. இவற்றுக்குப் பின்னர் பேரங்காடிகளின் வாயிலில் உலோகம் காட்டும் கருவியும் பைச் சோதனையும் வழக்கமாயின. சில மாநிலங்களில் இது சட்டத்தின் கட்டளையும் ஆயிற்று. பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசம் 2013-இல் இயற்றிய பொதுப் பாதுகாப்புச் சட்டம், மக்கள் கூடும் நிறுவனங்களில் நுழைவுக் கட்டுப்பாடும் கண்காணிப்புக் கேமராவும் அமைக்க வேண்டும் என்கிறது.

நுழைவுச் சோதனையின் நோக்கம் உயிர்ப் பாதுகாப்பு. கடை தனியார் இடம். உள்ளே வருவதற்கு நிபந்தனை விதிக்க அதன் உரிமையாளருக்கு உரிமை உண்டு. நிபந்தனைக்கு உடன்பட விரும்பாதவர் திரும்பிச் செல்லலாம். அதற்கு மேல் அவருக்கு இழப்பு எதுவுமில்லை. வெளியேறும்போது நிலைமை தலைகீழாகிறது. அங்கு நோக்கம் சரக்கைக் காப்பது. மறுப்பவரைத் திருப்பியனுப்ப இடமில்லை, தடுத்து நிறுத்தத்தான் முடியும். தடுத்து நிறுத்துவது என்றதும் அது கடைக்காரரின் விருப்பத்தைப் பொறுத்த விஷயமாக இல்லாமல், குற்றவியல் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. முதற் சோதனைக்கு உள்ள நியாயத்தை இரண்டாவதற்கும் உரியதாகக் காட்டுவதே இவ்விஷயத்தில் நிகழும் குழப்பங்களுக்கு வேர் எனலாம்.

சீருடை தரும் தோற்றம்

காவலாளியின் தோள்பட்டையும் தொப்பியும் அவர் ஏதோ அரசு அதிகாரத்துடன் நிற்பதுபோன்ற எண்ணத்தை உண்டாக்குகின்றன. 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம் இதை முன்னறிந்தே இயற்றப்பட்டது போலத் தோன்றுகிறது. ராணுவம், போலீஸ் ஆகியவற்றின் உடையை ஒத்த சீருடையைத் தனியார் காவலாளி அணிவது அச்சட்டப்படி குற்றம். ஓராண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். முகமை மாநில அரசின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் உரிமம் பெற வேண்டும். காவலாளிக்குப் பயிற்சியும் புகைப்பட அடையாள அட்டையும் தர வேண்டும். ஆனால் பிறரைச் சோதனையிடும் அதிகாரத்தை இச்சட்டம் காவலாளிக்கு எங்கும் வழங்கவில்லை. சட்டத்தின் முன் அவர் மற்றொரு குடிமகனே.

போலீசாருக்கே கட்டுப்பாடுகள் பல உள்ளன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, ஓர் இடத்தைச் சோதனையிடுவதையும் பொருள்களைக் கைப்பற்றுவதையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யும்படி போலீசாரைப் பணிக்கிறது. கைது செய்யப்பட்ட பெண்ணைச் சோதிக்க வேண்டுமாயின் பெண்ணே, கண்ணியம் குன்றாமல் சோதிக்க வேண்டும் என்று 49-ஆம் பிரிவு கூறுகிறது. அரசின் ஊழியருக்கு இத்தனை கட்டுப்பாடுகள் இருக்க, தனியார் ஊழியருக்கு ஒரு அறிவிப்புப் பலகையே போதும் என்பது பொருந்தாது.

எனினும் காவலாளி கேட்கலாம். கேட்பதைச் சட்டம் தடுக்கவில்லை. வாடிக்கையாளர் மனமுவந்து பையைத் திறந்து காட்டினால் அதில் குற்றமில்லை. "பைகள் சோதனைக்கு உட்பட்டவை" என்ற அறிவிப்பை நுழையும்போதே தெளிவாகக் கண்டு உள்ளே சென்றவர் அதற்கு உடன்பட்டவர் என்று கடை வாதிடலாம். அவ்வாறு கொண்டாலும், வாக்களித்தபடி நடக்காதவர் மீது பலத்தைப் பயன்படுத்த ஒப்பந்தம் எவருக்கும் உரிமை தருவதில்லை. இங்கே ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. பலம் என்பதற்குப் பாரதிய நியாய சன்ஹிதா தரும் விளக்கத்தில், ஒருவருடைய உடலைத் தொடுவது மட்டுமின்றி, அவர் அணிந்திருப்பதை அல்லது ஏந்தியிருப்பதைத் தொடுவதும் அடங்கும். பையைப் பிடித்து இழுப்பது பையின் மீது மட்டும் நிகழும் செயலன்று. அதை ஏந்தியவர் மீது செலுத்திய பலமாகக் கருதப்படும். வழியை மறிப்பது 126-ஆம் பிரிவின்படி முறையற்ற தடை; ஓர் அறையில் அடைத்துவைப்பது 127-ஆம் பிரிவின்படி முறையற்ற அடைப்பு, அதற்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

ஐயாயிரம் ரூபாய் எல்லை

அப்படியானால் கண்ணெதிரே திருடுபவரையும் விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. தன் முன்னிலையில், ஜாமீனில் விடத்தகாததும் வாரண்டின்றிப் போலீசார் கைது செய்யத்தக்கதுமான குற்றத்தைச் செய்பவரை எந்தக் குடிமகனும் பிடிக்கலாம். 1973-ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டம் 43-ஆம் பிரிவில் கூறியதையே புதிய சட்டம் 40-ஆம் பிரிவில் கூறுகிறது. பிடிக்கப்பட்டவரை வீண் தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள், போலீசாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது புதிதாகச் சேர்ந்த வரம்பு. "தன் முன்னிலையில்" என்ற சொற்கள் இதில் உயிர்நாடியானவை. சந்தேகம் போதாது. வாயிலில் உள்ள மின்கருவி ஒலித்தது என்பதும் போதாது. விலை வாங்கிய ஊழியர் துணியிலிருந்த வில்லையைக் கழற்ற மறந்திருந்தாலும் அது ஒலிக்கும்.

பழைய சட்டத்தில் திருட்டு எதுவாயினும் மேற்கூறிய இரு தன்மைகளும் கொண்டதாக இருந்தது. புதிய சட்டம் இங்கே பெரியதொரு மாறுதலைச் செய்துள்ளது; கடைக்காரர்கள் பலர் இதை இன்னும் கவனித்ததாகத் தெரியவில்லை. நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி முதல் தடவையாகத் தண்டிக்கப்படுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால், அவருக்குச் சமுதாயப் பணியே தண்டனை. இத்தகைய சிறு திருட்டு ஜாமீனில் விடத்தக்கது; வாரண்டின்றிப் போலீசாரும் கைது செய்ய இயலாதது என்று அட்டவணையில் வகைப்படுத்தப்பட்டுள்ளது. ஆகவே, ஒரு சோப்புக் கட்டிக்காகக் குடிமகன் என்ற முறையில் ஒருவரைக் "கைது" செய்யும் காவலாளி தன் அதிகாரத்துக்கு ஆதாரம் காட்ட இடர்ப்படுவார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பொருள்களை வைத்துக் காக்கும் கட்டடத்தில் நிகழும் திருட்டுக்கு 305-ஆம் பிரிவு ஏழாண்டு வரை தண்டனை விதிக்கிறது. கடைத் திருட்டை அதன்கீழ்ப் பதிவு செய்யப் போலீசார் முற்படலாம். மேலும், தன் உடைமையையோ பிறர் உடைமையையோ திருட்டிலிருந்து காத்துக்கொள்ளும் தற்காப்புரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. எடுத்ததை நேரில் கண்டவர் அதைத் தேவைக்கு மிஞ்சாத அளவில் தடுக்கலாம். எந்தப் பிரிவு பொருந்தும், பொருளின் மதிப்பு என்ன, இவருக்கு இது முதல் தடவையா என்பவற்றை வாயிலில் நிற்கும் ஒருவர் சில நொடிகளில் தீர்மானிக்க முடியாது. சட்டம் கற்றவர்களே வாதிடக்கூடிய இக்கேள்விகளின் சுமையை, குறைந்த ஊதியத்தில் நாள் முழுதும் நின்றுகொண்டிருக்கும் ஊழியரின் தலையில் கடை நிர்வாகம் ஏற்றிவிடுகிறது. தவறு நேர்ந்தால் முதலில் வழக்குக்கு உள்ளாகிறவரும் அவரே.

"திருடினால் பத்து மடங்கு அபராதம்" என்று எழுதி வைக்கும் கடைகளும் உண்டு. குற்றத்துக்கு அபராதம் விதிப்பது நீதிமன்றத்தின் வேலை. ஊரார் முன் அவமானப்படுத்துவதாக மிரட்டிப் பணம் பெறுவது, பெற்றவரையே மிரட்டிப் பறித்தல் என்ற குற்றச்சாட்டுக்கு உள்ளாக்கக்கூடும். பிடிபட்டவர் சிறுவர் அல்லது சிறுமியாயின் எச்சரிக்கை பன்மடங்கு வேண்டும்: ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் செயல் குற்றமே ஆகாது; பதினெட்டு வயது நிரம்பாதவரின் படத்தையோ பெயரையோ வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்கிறது.

ரசீது கையில் இருக்கும்போது

வெளி வாயிலில் ரசீதை வாங்கி, பையைக் கிளறிப் பார்த்து, துளையிட்டுக் கொடுப்பது பெரும்பாலான கடைகளின் வழக்கம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இங்கு பயன்படுகிறது. எடுத்துச் செல்லத்தக்க நிலையில் உள்ள குறிப்பிட்ட பண்டத்துக்கு நிபந்தனையற்ற விற்பனை ஒப்பந்தம் ஏற்பட்டவுடனேயே அதன் உடைமை வாங்கியவருக்கு மாறிவிடுகிறது என்று அதன் 20-ஆம் பிரிவு கூறுகிறது. பணம் செலுத்தும் மேடையைத் தாண்டிய பின் பையில் இருப்பவை கடையின் சரக்கல்ல. ரசீதைக் காட்டுவதால் வாடிக்கையாளருக்குப் பெரிய இடையூறில்லை. பலரும் அதனைச் செய்கின்றனர். ஆனால் வாங்கிய பண்டத்தைப் பார்ப்பது ஒன்று. அதே பைக்குள் இருக்கும் மருந்துச் சீட்டையும் கடிதத்தையும் பணப்பையையும் புரட்டுவது வேறு.

கைப்பையை நுழைவில் ஒப்படைத்து வில்லை பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு இத்தகராறுகளைக் குறைக்கிறது. அதற்கும் ஒரு பொறுப்பு உண்டு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவின்படி, ஒப்படைப்பாகப் பெற்ற பொருளைச் சராசரி விவேகமுள்ள மனிதர் தம் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும். "உடைமையாளரின் பொறுப்பில்" என்று வில்லையில் அச்சிடுவது கடையை முழுதும் காப்பாற்றாது. ஓட்டலில் நிறுத்த ஒப்படைத்த கார் காணாமற் போன வழக்கில் 2019-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தன் ஊழியரின் கவனக்குறைவால் விளைந்த பொறுப்பை ஓட்டல் இத்தகைய அச்சு வாசகத்தால் உதறிவிட முடியாது என்றது. பையைக் காப்பகத்தில் வைத்தவர்க்கும் அதே நியாயம் துணை நிற்கும். சொந்தப் பையை உள்ளே விடாமல், பின்பு தன் பையைக் காசுக்கு விற்கும் வழக்கம் தனிக் கதை. முன்கூட்டி அறிவிக்காமல் அவ்வாறு வசூலிப்பது நேர்மையற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் முடிவு செய்தது.

பரிகாரம் தேடுவோர் கவனிக்க வேண்டியவை

பையைத் திறக்க விரும்பாதவர் அமைதியாக மறுத்து, மேலாளரை அழைக்கும்படி கேட்பது நல்லது. சந்தேகம் நீடிக்குமாயின் போலீசாரை வரவழைக்கும்படி வாடிக்கையாளரே கோரலாம். பொய்க் குற்றச்சாட்டுக்கு அஞ்சுபவருக்கு அதுவே பாதுகாப்பு. பெண்கள், ஆண் காவலாளியின் சோதனைக்கு எந்நிலையிலும் உட்பட வேண்டியதில்லை.

நடந்த நாள், நேரம், காவலாளியின் அடையாள அட்டையிலுள்ள பெயர், முகமையின் பெயர் ஆகியவற்றை உடனே குறித்துக்கொள்ள வேண்டும். கண்காணிப்புப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி கடைக்கு எழுத்தில் அன்றே தெரிவிக்க வேண்டும். பதிவுகள் சில நாட்களிலோ வாரங்களிலோ தாமாகவே அழிந்து, மேலெழுதப்பட்டுவிடும். தேசிய நுகர்வோர் உதவித் தொலைபேசி எண் 1915. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, முறையீட்டாளர் தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பின் கட்டணம் இல்லை. சென்னையில் வசிப்பவர் டில்லிக் கடையில் பட்ட துன்பத்துக்குச் சென்னையிலேயே மனுச் செய்ய முடிகிறது என்பது பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத வசதி.

ஒரு குறை எஞ்சுகிறது. சட்டத்தின் பார்வையில் நுகர்வோர் என்பவர் விலை கொடுத்தவர், அல்லது கொடுக்க ஒப்புக்கொண்டவர். எதுவும் வாங்காமல் வெறுங்கையோடு வெளியேறுபவரையே காவலாளி பெரிதும் சந்தேகிக்கிறார். ரசீது இல்லாத அவரே நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் தட்டுவதிலும் இடர்ப்படுகிறார். அவருக்கு எஞ்சியிருப்பவை போலீஸ் நிலையமும், நஷ்டஈட்டுக்கு உரிமையியல் நீதிமன்றமும், முகமையின் மீது மாநிலக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு அனுப்பும் புகாருமே. சட்டத்தையோ உரிமத்தின் நிபந்தனைகளையோ மீறிய முகமையின் உரிமத்தை ரத்துச் செய்ய அந்த அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.