உஷார்! அந்தப் பட்டை அவ்வளவு உயரமில்லை

மாதம் பிறந்தால் போதும், போன மாத யுபிஐ கணக்கு வந்துவிடுகிறது. யுபிஐயை நடத்தும் என்பிசிஐ எண்களை வெளியிட்ட சில மணி நேரத்தில் அவை கலர் கலரான சார்ட்டுகளாகி டிவி, நாளிதழ், வாட்ஸ்அப் குரூப் என்று எல்லா இடத்திலும் பரவுகின்றன. எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வரைந்த விதத்தில்தான் வில்லங்கம். ஒரு சார்ட்டைப் பார்த்துவிட்டு ‘ரொக்கத்துக்கு இனி வேலையில்லை’ என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்றைப் பார்த்துவிட்டு ‘மோசடி இரட்டிப்பாம், யுபிஐ பக்கமே போகாதே’ என்று வீட்டுப் பெரியவர்களைப் பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஃபார்வர்ட் செய்யும் முன், அச்சுக்கு அனுப்பும் முன், இந்த ஆறு பொறிகளையும் பார்த்துவிடுங்கள்.

1. எண்ணிக்கையா, தொகையா?

பணப் பரிமாற்றக் கணக்கில் ஆகப் பெரிய பொறி இது. ரிசர்வ் வங்கியின் 2023-24 கணக்குப்படி யுபிஐயில் நடந்தவை சுமார் 13,100 கோடி பரிவர்த்தனைகள். நாட்டின் டிஜிட்டல் பரிவர்த்தனைகளில் இது கிட்டத்தட்ட 80 சதவீதம். வட்ட வரைபடம் போட்டால் வட்டம் முழுக்க யுபிஐதான்.

இப்போது தொகையை வைத்து அதே வட்டத்தைப் போடுங்கள். யுபிஐயில் கைமாறியது சுமார் 200 லட்சம் கோடி ரூபாய். மொத்தத்தில் 8 சதவீதம். அந்த ஆண்டு வெறும் 27 கோடி முறை நடந்த ஆர்டிஜிஎஸ்ஸில் போனதோ சுமார் 1,709 லட்சம் கோடி. மொத்தத்தில் 70 சதவீதம். காரணம் எளிது. ஆர்டிஜிஎஸ்ஸில் குறைந்தபட்சமே 2 லட்சம் ரூபாய் அனுப்ப வேண்டும். கம்பெனிகளும் வங்கிகளும் பெரிய தொகைகளை அனுப்பும் பாதை அது. சராசரி 63 லட்சம் வருகிறது. யுபிஐயின் சராசரி சுமார் 1,500 ரூபாய்தான். டீக்கடையில் கொடுக்கும் பத்து ரூபாயும் அதில் ஒரு பரிவர்த்தனை.

இரண்டு வட்டமும் உண்மை. ஒன்றை மட்டும் காட்டி ‘இந்தியா பணம் அனுப்புவது இப்படித்தான்’ என்று தலைப்புப் போட்டால் பாதிப் படத்தை மறைத்ததாகிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். யுபிஐ தொகை முழுவதும் கடை வியாபாரம் இல்லை. எண்ணிக்கையில் கடைகளுக்குச் செல்வது பாதிக்கு மேல். தொகையிலோ தனிநபர்கள் ஒருவருக்கொருவர் அனுப்புவதுதான் பெரும்பகுதி.

2. அடிக்கோடு பூஜ்யத்தில் இருக்கிறதா?

2025 ஜூலையில் 1,947 கோடி யுபிஐ பரிவர்த்தனைகள். ஆகஸ்டில் 2,001 கோடி. ஏற்றம் 3 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அடிக்கோட்டை 1,940 கோடியில் வைத்து இரண்டு பட்டைகளை வரையுங்கள். முதல் பட்டை 7 பங்கு உயரம், அடுத்தது 61 பங்கு. பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரே மாதத்தில் ஒன்பது மடங்கு!

பட்டையின் உயரத்தைத்தான் கண் அளக்கிறது; ஓரத்தில் இருக்கும் பொடி எண்களை யாரும் படிப்பதில்லை. அதனால் பட்டை வரைபடம் என்றால் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும். சின்ன மாற்றத்தைக் காட்டியே தீர வேண்டுமென்றால் கோட்டு வரைபடம் போடலாம். அப்போதும் அச்சு எங்கே தொடங்குகிறது என்று பளிச்சென்று எழுதிவிடுவதே நியாயம்.

3. அந்த மாதத்துக்கு எத்தனை நாள்?

2025 ஜனவரியில் 1,699 கோடி பரிவர்த்தனைகள். பிப்ரவரியில் 1,611 கோடி. ‘யுபிஐ 5 சதவீதம் சரிவு’ என்று சிவப்பு அம்புக்குறி போட இது போதும். ஆனால் ஜனவரிக்கு 31 நாள், பிப்ரவரிக்கு 28. ஒரு நாள் கணக்குப் பார்த்தால் ஜனவரியில் 54.8 கோடி, பிப்ரவரியில் 57.5 கோடி. சரிவே இல்லை, 5 சதவீத ஏற்றம்! மாதங்களை ஒப்பிடும்போது தினசரி சராசரியைப் போடுங்கள்; இல்லையென்றால் போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

4. எந்த ஆண்டிலிருந்து தொடங்கினார்கள்?

புழக்கத்தில் உள்ள ரூபாய் நோட்டுகளின் மதிப்பு 2017 மார்ச் இறுதியில் 13.10 லட்சம் கோடி. 2018 மார்ச்சில் 18.04 லட்சம் கோடி. ஒரே ஆண்டில் 38 சதவீதம் எகிறியதாகச் சார்ட் கத்தும். ஆனால் 2017 மார்ச் என்பது பணமதிப்பிழப்பு நடந்து ஐந்து மாதம்கூட ஆகாத நேரம். 2016 மார்ச்சில் 16.42 லட்சம் கோடி இருந்தது. அங்கிருந்து தொடங்கினால் இரண்டு ஆண்டில் வளர்ச்சி 10 சதவீதம்தான். பள்ளத்திலிருந்து அளந்தால் மேடெல்லாம் மலையாகத் தெரியும்.

நீண்ட காலத்துக்குப் பார்த்தால் வேறொரு உண்மையும் தெரியும். 2024 மார்ச்சில் நோட்டுகளின் மதிப்பு 34.78 லட்சம் கோடி. எட்டு ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல். ரொக்கம் எங்கும் போய்விடவில்லை.

5. மோசடி சார்ட்: எதால் வகுத்தார்கள்?

யுபிஐ மோசடி பற்றி நிதி அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தந்த கணக்கு இது: 2022-23இல் 7.25 லட்சம் சம்பவங்கள், 573 கோடி ரூபாய், 2023-24இல் 13.42 லட்சம் சம்பவங்கள், 1,087 கோடி. இதை மட்டும் வரைந்தால் பீதி. மொத்த யுபிஐ தொகையால் வகுத்தால் 0.005 சதவீதம், கோடு தரையோடு படுத்துக் கிடக்கும். இதை மட்டும் வரைந்தால் அலட்சியம்.

நேர்மையாகச் சொல்ல இரண்டும் வேண்டும். ஒரு லட்சம் ரூபாய்க்குச் சுமார் 4 ரூபாயாக இருந்த இழப்பு 5 ரூபாயைத் தாண்டியிருக்கிறது. யுபிஐ தொகை 44 சதவீதம் வளர்ந்த ஆண்டில் மோசடித் தொகை 90 சதவீதம் வளர்ந்திருக்கிறது. ஒரு சம்பவத்துக்குச் சராசரி இழப்பு 8,100 ரூபாய். இவையும் கணக்குக்கு வந்த சம்பவங்கள் மட்டுமே. வெளியே சொல்லாதவர்களின் இழப்பு எந்தச் சார்ட்டிலும் இல்லை. பணம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள்.

6. பில்லியனா, கோடியா?

என்பிசிஐ எண்ணிக்கையை மில்லியனில் தருகிறது, தொகையைக் கோடியில் தருகிறது. ஒரு மில்லியன் பத்து லட்சம். ஒரு பில்லியன் நூறு கோடி. 20 பில்லியன் என்பதை 20 கோடி என்று எழுதிவிட்டால் நூறு மடங்கு பிழை. தமிழ் வாசகருக்கு வரையும்போது கோடி, லட்சம் கோடி என்றே போடுங்கள். இடது பக்கம் எண்ணிக்கை, வலது பக்கம் தொகை என்று இரண்டு அளவுகோல்களை ஒரே படத்தில் திணிக்கவே வேண்டாம். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஏதோ நடந்துவிட்டதாக மக்கள் நினைப்பார்கள். அளவுகோலை மாற்றினால் அந்த இடமும் மாறிவிடும்.

வரைகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு படத்தில் ஒரு சேதி போதும். அலகு, காலம், தகவல் எங்கிருந்து வந்தது என்ற மூன்றும் படத்துக்குள்ளேயே இருக்கட்டும். முப்பரிமாண வட்டங்களை விட்டுவிடுங்கள். முன்னால் சாய்ந்திருக்கும் துண்டு எப்போதும் பெரிதாகத் தெரியும். சிவப்பு, பச்சை நிறங்களை மட்டும் நம்பாதீர்கள். அவற்றைப் பிரித்தறிய முடியாதவர்களும் பார்க்கிறார்கள். பெயரைக் கோட்டின் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பார்க்கிறவர்களுக்கு: அடிக்கோடும் அலகும் தெரியாத சார்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள். அனுப்பியவரிடம் ‘இது எண்ணிக்கையா, தொகையா?’ என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அழித்துவிடுங்கள்.