கார்க் கண்ணாடி ஏற மறுத்தால்...

“வாகனம் என்றால் அது ஆம்பிளைகளின் வேலை” என்ற பேச்சு எமது ஊர்களில் இன்னும் ஓயவில்லை. ஆனால் யுத்தத்தினாலும் 2004 சுனாமியினாலும் உழைப்பாளியை இழந்த எத்தனையோ வீடுகளில் வாகனமும் பெண்ணின் பொறுப்பாகிவிட்டது. ஓட்டப் பழகிக்கொண்டோம். திருத்த வேலை என்று வரும்போது மட்டும், சொன்ன பழுதை நம்பி, கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வருகின்றோம்.

மின்சாரக் கார் என்றால் இந்தப் பயம் இன்னும் கூடுகின்றது. 2010 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் கார்கள், பாவித்த வாகனங்களாக இலங்கைக்கும் வந்து சேர்ந்தன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், இருந்த காரைப் பேணிக் காப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

எனது ராத்தா யுத்த காலத்தில் கணவனை இழந்தவர். மருதமுனையில் கைத்தறிச் சாறிகளை எடுத்து, ஒரு பழைய லீஃப் காரில் அக்கரைப்பற்று வரை கடைகளுக்குக் கொடுத்து வருகின்றார். ஒரு மாரி காலத்தில் நான்கு கண்ணாடிகளும் பாதியில் நின்றுவிட்டன. சாறி நனைந்தால் முதலே போய்விடும். ஒரு கராஜில், “பெரிய பற்றரி பழுது, மாற்ற வேண்டும்” என்றார்கள். ராத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “பெரிய பற்றரி பழுதென்றால், கார் எப்படித் தம்பி இங்கே ஓடி வந்தது?” பதில் வரவில்லை. வேறொரு திருத்துனர் சாரதிக் கதவிலுள்ள சுவிட்சைக் கழற்றிப் பார்த்தார். உப்புக் காற்றுப் பட்டு அதன் செப்புத் தொடுகைகளில் பச்சை பூத்திருந்தது. சுத்தம் செய்ததும் கண்ணாடிகள் ஏறின.

சகோதரிகளே, இங்கு விளங்க வேண்டிய விடயம் ஒன்றுதான். காரை ஓட்டும் பெரிய பற்றரி வேறு, கண்ணாடியை ஏற்றி இறக்கும் பற்றரி வேறு. விளக்கு, ஹோர்ன், கண்ணாடி எல்லாம் சாதாரணக் கார்களில் இருப்பது போன்ற 12 வோல்ட் சிறிய பற்றரியில்தான் வேலை செய்கின்றன. லீஃப் காரில் அது முன் பொனட்டின் கீழ் இருக்கின்றது. காரை இயக்கியதும் பெரிய பற்றரியிலிருந்து வரும் மின்சாரம் 12 வோல்ட் அளவுக்குக் குறைக்கப்பட்டு இதற்கு ஏறும். ஆகவே, கண்ணாடி நின்றுவிட்டது என்பதற்காகப் பெரிய பற்றரியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

வரிசையாகப் பாருங்கள்

1. சாரதிக் கதவில் ஒரு பூட்டுப் பொத்தான் உண்டு. அது அழுத்தப்பட்டிருந்தால் மற்றவர்களின் கண்ணாடிகள் அசையாது. பிள்ளைகளின் கை பட்டிருக்கலாம். முதலில் இதைப் பாருங்கள்.

2. காரை ஓடத் தயாரான நிலைக்குக் கொண்டுவந்து மீண்டும் முயற்சியுங்கள். முன்னர் மெதுவாக அசைந்த கண்ணாடி இப்போது நன்றாக ஏறினால், சிறிய பற்றரி பலவீனமாக இருக்கலாம். நன்கு ஏற்றிய பற்றரி, கார் நிற்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும்.

3. எல்லாக் கண்ணாடிகளும் ஒன்றாக நின்றால் பியூஸ், சாரதிப் பக்கச் சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். எரிந்த பியூசுக்குப் பதிலாக அதே அம்பியர் பியூசையே போட வேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளோ செப்புக் கம்பியோ வைத்தால் வயர் எரியும்.

4. ஒரு கண்ணாடி மட்டும் நின்றால், சுவிட்சை அழுத்திக் கதவோடு காது வைத்துக் கேளுங்கள். மோட்டார் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால், அதைத் தூக்கும் கேபிள் அறுந்திருக்கலாம். சத்தமே இல்லாவிட்டால் சுவிட்ச், மோட்டார் அல்லது கதவுப் பிணைச்சலுக்கிடையே செல்லும் வயர் பழுதாகியிருக்கலாம். கதவைத் திறந்து மூடி மூடியே அந்த வயர் முறிவதுண்டு.

5. பாதி ஏறித் தானாகவே இறங்கினால், கண்ணாடி ஓடும் றப்பரில் மணல் அடைத்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பின் சிலிக்கன் ஸ்பிறே அடியுங்கள். தேங்காய் எண்ணெயும் கிறீசும் வேண்டாம். அவை மணலை இன்னும் பிடித்து வைக்கும்.

சிறிய பற்றரியைக் கழற்றிப் பூட்டிய பின்னர், ஒரே அழுத்தத்தில் ஏறும் வசதி மறைந்துவிடலாம். இது பழுதல்ல. கண்ணாடியை முழுவதும் இறக்கி, பின் சுவிட்சை விடாமல் பிடித்து ஏற்றுங்கள். மூடிய பின்னரும் சில விநாடிகள் பிடித்திருந்தால் பல கார்களில் அது திரும்பிவிடும்.

கவனம்

செம்மஞ்சள் நிற உறையுள்ள வயர்கள் உயர் அழுத்த மின்சாரத்துக்குரியவை. அவற்றைத் தொடவே கூடாது. கண்ணாடி வேலைக்கு அவற்றில் கை வைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஏறும் கண்ணாடியில் பிள்ளைகளின் விரலும் கழுத்தும் சிக்கும் அபாயம் உண்டு. காரில் அவர்களைத் தனியே விட்டுச் செல்லாதீர்கள்.

வழியில் மழை பிடித்து, கண்ணாடி ஏறாமல் நின்றால், ஒருவர் சுவிட்சைப் பிடிக்க, மற்றவர் இரு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை இருபுறமும் அணைத்து மெல்ல மேலே தள்ளலாம். விரல்களை விளிம்பில் வைக்க வேண்டாம். அதுவும் முடியாவிட்டால் பொலித்தீனை ஒட்டி வீடு சேருங்கள்.

கராஜுக்குப் போகும்போது மூன்று கேள்விகளை மனதில் கொண்டு செல்லுங்கள். ஒரு கண்ணாடியா, எல்லாமா? மோட்டார் சத்தம் கேட்கிறதா? எந்தப் பாகம் பழுதென்று அளந்து பார்த்தீர்களா? கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். ஸ்பனர் பிடிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எங்கள் உழைப்பில் வந்த காசுக்குக் கணக்குக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.