மனசுல இருக்கறதைக் கொட்டிட்டா பாரம் குறையுமா? ஃப்ராய்டு சொன்னதும் சோதனைகள் காட்டியதும்!

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கடலுக்குப் போன படகு சொன்ன நேரத்துக்குக் கரை திரும்பாவிட்டால், அந்த வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிடும். உறவினர்கள், அதிகாரிகள், தன்னார்வலர்கள், டிவி மைக்குகள். பலரும் சொல்வது ஒன்றுதான்: "உள்ளுக்குள்ளயே வெச்சுக்காதம்மா, வாய்விட்டுச் சொல்லிடு, பாரம் இறங்கிடும்."

அப்படி இறங்குமா? இந்த நம்பிக்கையை ஆய்வாளர்கள் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அது பாதிதான் பாஸ் ஆகியிருக்கிறது.

எங்கிருந்து வந்தது?

1880-களின் தொடக்கத்தில் வியன்னா மருத்துவர் ஜோசப் ப்ராயரிடம் ஓர் இளம்பெண் சிகிச்சை பெற்றார். மருத்துவ நூல்களில் அவர் பெயர் 'அன்னா ஓ'. மனதில் கிடந்ததைப் பேசப் பேச உபாதைகள் குறைந்ததாம். அதற்கு 'பேச்சு வைத்தியம்' என்றும், விளையாட்டாக 'புகைபோக்கி சுத்தம் பண்றது' என்றும் பெயர் வைத்தது அவரேதான். ப்ராயரும் சிக்மண்ட் ஃப்ராய்டும் 1895-ல் இதை நூலாக்கினார்கள். அடக்கிய உணர்ச்சி நோயாகிறது, வெளியே விட்டால் தீரும் என்பது சாரம். ஃப்ராய்டு பிறகு இதைத் தாண்டிப் போய்விட்டார். ஊருக்குள் தங்கியது இதுதான்.

கோபத்தைக் கொட்டினால்?

அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-ல் வெளியிட்ட சோதனையில் 600 மாணவர்கள் பங்கேற்றார்கள். அவர்கள் எழுதிய கட்டுரையை மட்டம்தட்டி முதலில் கோபமூட்டினார்கள். ஒரு பிரிவினர் திட்டிய ஆளை நினைத்தபடியே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சியாக நினைத்துக் குத்தினார்கள். மூன்றாவது பிரிவினர் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்தார்கள். கடைசியில் அதிகக் கோபத்தோடு இருந்தது முதல் பிரிவு. சும்மா இருந்தவர்கள்தான் குறைவாகச் சீறினார்கள்.

துக்கத்தைச் சொன்னால்?

இங்கே கதை வேறு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் வாழ்வின் மோசமான அனுபவத்தைத் தினம் 15 நிமிடம் வீதம் 4 நாள் எழுதினார்கள். எழுதி முடித்ததும் மனசு இன்னும் கனத்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. அதுவும் எல்லோருக்கும் இல்லை. நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்களுக்கே பலன் கிடைத்தது. வெறும் உணர்ச்சியைக் கொட்டியது போதவில்லை.

அவசரப்பட்டால் ஆபத்து

கவலைக்குரியது அடுத்த ஆய்வு. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில், சாலை விபத்தில் சிக்கியவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் ஓரிரு நாளுக்குள் உட்கார்ந்து நடந்ததை விலாவாரியாகப் பேச வைத்தார்கள். 3 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், அப்படிப் பேச வைக்கப்பட்டவர்களின் நிலை மற்றவர்களைவிட மோசம். ஆரம்பத்தில் கடும் அதிர்ச்சியில் இருந்தவர்களில், பேச வைக்கப்படாதவர்கள் தாமாகவே தேறினார்கள். பேச வைக்கப்பட்டவர்கள் தேறவில்லை. 2000-ல் வெளியான முடிவு இது.

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையோர ஊர்களுக்குக் கவுன்சிலிங் குழுக்கள் வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்படி உதவப் போகிறவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2011-ல் ஒரு கையேடு வெளியிட்டது. நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தாதீர்கள் என்கிறது அது. முதலில் சாப்பாடு, தண்ணீர், படுக்க இடம், சொந்தக்காரர்களோடு தொடர்பு. அவர்களாகப் பேசினால் காது கொடுத்துக் கேட்கலாம்.

அப்போ ஒப்பாரி? அதை ஆய்வகத்துக்குள் கொண்டு வருவது லேசான காரியமில்லை. ஆனால் அங்கே யாரும் கேள்வி கேட்டு யாரையும் பேச வைப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் வரவில்லை, அதே காட்சி கண்முன் வந்துகொண்டே இருக்கிறது, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.